ஜூஸ் பாக்கெட்டில் காரீயம், ஆர்செனிக்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிலாளர்களுக்கு எவ்வளவு ஆபத்து?

2021 டிசம்பர். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். எல்லோரும் சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். போராட்டத்துக்குப் பிறகு ஆலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடியும் திறந்தது. உலகம் முழுக்க இது செய்தியானது.

அந்தச் சம்பவத்தில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. சாப்பிட்டார்கள், வாந்தி எடுத்தார்கள், காரணம் தெரிந்தது. கிருமியால் கெட்டுப்போன உணவு சில மணி நேரத்திலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் காரீயம், ஆர்செனிக், காட்மியம் போன்ற உலோகங்கள் அப்படி இல்லை. இன்றைக்குக் குடித்த ஜூஸில் அவை இருந்தாலும் நாளைக்கு வயிறு வலிக்காது. லீவு போட வேண்டியிருக்காது. ரோட்டில் உட்காரவும் யாருக்கும் தோன்றாது.

அதனால்தான் அமெரிக்காவில் பழச்சாறு பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்படும் செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் பஸ் ஏறும் முன் பெட்டிக்கடையில் வாங்கிக் குடிக்கும் அந்த மாம்பழ ஜூஸில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஆப்பிள் ஜூஸில் ஆர்செனிக் இருக்கிறது என்ற சர்ச்சை அங்கே 2011-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வெடித்தது. முதலில் அரசுத் தரப்பு அதைப் பீதி கிளப்பும் வேலை என்றே பார்த்தது. அதே ஆண்டின் இறுதியில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 88 ஆப்பிள், திராட்சை ஜூஸ் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் சுமார் 10 சதவீதத்தில் ஆர்செனிக் அளவு குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஆப்பிள் ஜூஸில் கனிம ஆர்செனிக் 10 பிபிபி-க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரைவு வெளியிட்டது. அந்த வரைவு இறுதியானது எப்போது தெரியுமா? 2023 ஜூனில். பத்து வருஷம்!

2024 ஆகஸ்டில் வால்மார்ட் கடைகளில் விற்ற ஆப்பிள் ஜூஸ் 9,535 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் இருந்தது 13.2 பிபிபி. வரம்பை விட 3.2 மட்டுமே அதிகம்.

பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. சுலபமாகச் சொன்னால், ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராம். நம்ம ஊர் கணக்கில் பார்ப்போம்: 10,000 லிட்டர் டேங்கர் லாரி முழுக்க 10 பிபிபி ஆர்செனிக் இருந்தால் மொத்தமே 0.1 கிராம்தான். நாலைந்து அரிசி மணியின் எடை. இவ்வளவு சின்ன அளவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை

காரீயத்துக்கு 'வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை' என்று உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு இரண்டின் கூட்டு நிபுணர் குழு முன்பு ஒரு கணக்கு வைத்திருந்தது. உடல் எடை கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 2010-ல் அந்தக் கணக்கையே குழு திரும்பப் பெற்றுவிட்டது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பெரியவர்களின் ரத்த அழுத்தமும் அந்த அளவிலேயே பாதிக்கப்படுகின்றன என்பது தெரிய வந்ததுதான் காரணம். கனிம ஆர்செனிக்குக்கு இருந்த கணக்கும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. காட்மியத்துக்கு மட்டும் மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். அது சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும் உலோகம். தினக்கணக்கு போடுவதில் அர்த்தமில்லை.

காரீயம் உடலுக்குள் போனால் ரத்தத்தில் சுமார் ஒரு மாதம் சுற்றும். பிறகு பெரும்பகுதி எலும்புக்குப் போய்விடும். உடல் அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து சேமித்து வைக்கிறது. பத்து, இருபது வருஷம் கூட அங்கேயே இருக்கும். பெண்கள் கர்ப்பமாகும்போது குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும். கூடவே காரீயமும் இறங்கும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை.

இந்தத் தொழிற்பேட்டைக்கு இது சாதாரண தகவல் அல்ல. இங்கே மின்னணு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இன்னொரு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைவாக இருக்கும் உடல், காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் குடித்தாலும் அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு டிபன் சாப்பிடாமல் ஒரு ஜூஸோடு தூங்கப் போகும் பழக்கம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது விடுதிக்காரர்களுக்குத் தெரியும்.

ஜூஸுக்குள் உலோகம் எப்படி வருகிறது?

யாரோ கலப்படம் செய்கிறார்கள் என்று உடனே நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அப்படி இல்லை. காரீயம், ஆர்செனிக், காட்மியம் மூன்றுமே மண்ணில் இருப்பவை. அமெரிக்காவின் பழைய ஆப்பிள் தோட்டங்களில் ஒரு காலத்தில் லெட் ஆர்செனேட் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். தெளிப்பதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது மண்ணில் இருக்கிறது. பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வயலுக்கு வரும். சாறைத் தெளிய வைக்க ஆலைகளில் பயன்படுத்தும் ஒரு வகை வடிகட்டும் மண்ணிலிருந்தும் ஆர்செனிக் இறங்கலாம். பித்தளை வால்வு, பழைய குழாய், சாலிடர் வைத்த இணைப்பு ஆகியவை இன்னொரு வழி.

பழச்சாறு புளிப்பானது, அதாவது அமிலம். அமிலம் உலோகத்தை அரிக்கும். இதை நம் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, எலுமிச்சை சாதம் கலக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு தெரியும். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தால் அண்டா, குண்டான் எல்லாம் வெளியே வரும். அங்கே பூசப்பட்டது வெள்ளீயம். அது வேறு, நாம் பேசும் காரீயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஆனால் விலை குறைக்க வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து செய்த சொம்பு என்றால், அதில் கொதிக்கும் புளி ரசம் எந்த ஜூஸ் பாக்கெட்டையும் விட மோசம்.

2016-ல் இந்தியாவில் நடந்த சோதனை

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான வழக்கு 2016-ல் வந்தது. கொல்கத்தாவில் உள்ள அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நல நிறுவனம், பெட் பாட்டில்களில் விற்கும் ஐந்து குளிர்பானங்களைச் சோதித்தது. பெப்சி, கோக கோலா, மவுண்டன் டியூ, ஸ்பிரைட், செவன் அப். ஐந்திலும் ஆண்டிமனி, காரீயம், குரோமியம், காட்மியம் ஆகிய உலோகங்களும் டிஇஎச்பி என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருளும் இருந்ததாக அக்டோபரில் செய்தி வெளியானது. நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை இணை அமைச்சர் ஃபக்கன் சிங் குலஸ்தே மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாக இதை உறுதிப்படுத்தினார். தங்கள் தயாரிப்புகள் எல்லா விதிகளுக்கும் உட்பட்டவை என்பது நிறுவனங்கள் தரப்பு பதில்.

'பாட்டிலில் விஷம்' என்ற பாணியில்தான் அன்றைக்குத் தலைப்புகள் ஓடின. எண்களைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். வெளியான முடிவுகளின்படி காரீயம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 11 மைக்ரோகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது பெரும்பாலான பானங்கள் 'சட்டப்படி குடிக்கத் தகுந்த' தண்ணீரை விட மோசமில்லை.

இன்னொன்று, பெட் பாட்டில் செய்யும்போது வினையூக்கியாகச் சேர்ப்பது ஆண்டிமனிச் சேர்மம். காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் அந்தத் தயாரிப்பில் வேலையே இல்லை. அப்போ அவை எங்கிருந்து வந்தன? பாட்டிலைத் திட்டுவதில் எல்லோரும் மும்முரமாக இருந்ததால், உள்ளே ஊற்றிய தண்ணீரையும் சேர்த்த பொருட்களையும் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

வெயிலில் வைத்த பாட்டில் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டிமனி சூட்டில் அதிகம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் 2008-ல் வெளியான அரிசோனா ஆய்வில், பாட்டில் தண்ணீரில் ஆண்டிமனி அமெரிக்க வரம்பான 6 பிபிபி-யைத் தாண்ட 60 டிகிரி வெப்பத்தில் 176 நாள் பிடித்தது. 80 டிகிரியில் 2.3 நாளே போதுமாக இருந்தது. ஒரகடம் கூட்டுச்சாலையில் மே மாத வெயிலில் கிரேட் கிரேட்டாக அடுக்கி வைக்கும் பாட்டில் 80 டிகிரிக்குப் போகாது. மூடிய கன்டெய்னரில் மாதக்கணக்கில் கிடந்தால் கவலைப்படலாம். ஒரு மதியம் வெயில் பட்டதற்காகப் பதற வேண்டியதில்லை.

மேகி கற்றுத்தந்த பாடம்

காரீயம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மேகி. உத்தரப் பிரதேசச் சோதனையில் 17.2 பிபிஎம் காரீயம் இருந்ததாகச் சொல்லப்பட்டது, அனுமதி 2.5 பிபிஎம். 2015 ஜூன் 4-ம் தேதி தமிழ்நாடு அரசு மூன்று மாதத் தடை போட்டது. மறுநாள் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுக்கத் தடை விதித்தது. ஆகஸ்ட் 13-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதனை செய்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் விளக்கத்தைக் கேட்கவில்லை என்பவை நீதிமன்றம் சுட்டிய குறைகள்.

பிபிபி அளவில் உலோகத்தை அளப்பது ரொம்ப நுட்பமான வேலை. மாதிரி எடுக்கும் பாத்திரம், ஆய்வக அமிலம், காற்றில் இருக்கும் தூசி எது வேண்டுமானாலும் முடிவைக் கெடுக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'லேப் ரிப்போர்ட்' படத்தை நம்பிப் பகிர்வதற்கு முன் இதை யோசிப்பது நல்லது.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் அதிர்ச்சி. 2011-ல் வந்த இந்திய விதிமுறைகளின் மூல அட்டவணையில் பழச்சாறுக்கான காரீய வரம்பு 1 பிபிஎம். அதாவது 1,000 பிபிபி. பழைய கலப்படத் தடுப்பு விதிகளில் இருந்த எண்ணை அப்படியே தூக்கி வைத்தார்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பெரும்பாலான பழச்சாறுகளுக்கு வைத்திருப்பது 30 பிபிபி. 2022-ல் அமெரிக்கா வெளியிட்ட வரைவில் ஆப்பிள் ஜூஸுக்கு 10, மற்ற ஜூஸ்களுக்கு 20. நம் விதிகளும் அதன் பிறகு பலமுறை திருத்தப்பட்டு கோடெக்ஸ் பக்கம் நகர்ந்திருக்கின்றன. ஆனாலும் அந்த 1 பிபிஎம் எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டால், 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது புரியும்.

200 மில்லி பாக்கெட். 1 பிபிஎம் என்றால் உள்ளே 200 மைக்ரோகிராம் காரீயம். 30 பிபிபி என்றால் 6. 10 பிபிபி என்றால் 2. உணவு மூலம் ஒரு நாளைக்குப் போகும் காரீயத்துக்கு எஃப்டிஏ வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு, குழந்தைகளுக்கு 2.2 மைக்ரோகிராம், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு 8.8. இதைத் தாண்டினால் உடனே நோய் என்று அர்த்தமில்லை. பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி வைத்துப் போட்ட எண் இது. ஆனால் 200 என்பது அந்த இடைவெளியையும் தின்றுவிட்டுப் போகிற எண்.

கோடெக்ஸ் அளவில் இருக்கும் ஒரு பாக்கெட்டைத் தினமும் குடிக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு ஜூஸிலிருந்து 6 மைக்ரோகிராம். சரி, அவர் குடிக்கும் தண்ணீர்? வெயிலில் மூன்று லிட்டர் என்று வைப்போம். குடிநீர் வரம்பை ஒட்டி 10 மைக்ரோகிராம் இருந்தால் 30 மைக்ரோகிராம். ஜூஸைப் போல ஐந்து மடங்கு!

ஆக, ஜூஸைப் பற்றிய கேள்வி தண்ணீரில் வந்து நிற்கிறது. கடையில் 'மேங்கோ டிரிங்க்' என்று விற்பதில் பழம் எவ்வளவு என்று லேபிளைப் பார்த்தால் புரியும். பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். மிச்சமெல்லாம் சர்க்கரையும் தண்ணீரும். 'நூறு சதவீதம் ஜூஸ்' என்று விற்றவற்றில் பலவும் கெட்டியாக்கிய சாறில் தண்ணீர் சேர்த்து மறுபடி உருவாக்கியவைதான். அதனால்தான் 2024 ஜூனில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. டேங்கரிலும் 20 லிட்டர் கேனிலும் ஓடுகிற ஒரு பகுதியில், பாக்கெட் ஜூஸை விட ரோட்டோரக் கடை ஜூஸில் ஊற்றும் தண்ணீரும் போடும் ஐஸும்தான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அப்போ ஜூஸே குடிக்கக் கூடாதா?

அப்படி இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு பாக்கெட் குடிக்கும் பெரியவர்கள் உலோகத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. அதில் இருக்கும் சர்க்கரைதான் பெரிய பிரச்னை. தினமும் ஒரே பிராண்டு, ஒரே ஜூஸ் என்பது மட்டும் வேண்டாம். மாற்றிக்கொண்டால் ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து சேர்வது குறையும். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஜூஸ் தேவையே இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் முழுப் பழத்தைச் சாப்பிடுவது நல்லது. கொய்யா, வாழைப்பழம் விலையும் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் தவறாமல் போடுவது, ரத்தசோகைக்கு மட்டுமல்ல, காரீயம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கவும் உதவும். வீட்டிலோ விடுதியிலோ ஜூஸ் போட்டால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் போதும். ஈயம் போன பித்தளை வேண்டாம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்? தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கிய பொருளை நுகர்வோரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் தரம் தவறியது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கும் ஆய்வகம்தான் இந்தப் பகுதிக்குப் பக்கம். சம்பள நாளில் லீவு போட்டு ஒரு தொழிலாளி இதைச் செய்வாரா என்றால், சந்தேகம்தான். தொழிற்சங்கமோ விடுதிக் குழுவோ செய்தால் நடக்கும்.

ஆலைகள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் பெயரே காரீய விஷம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் நடத்தும் கடமையும் அதே சட்டத்தில் வந்ததுதான். மெஷினிலிருந்து வரும் காரீயத்தைத் தேடும் ஏற்பாடு இருந்தது. கேண்டீன் குழாயிலிருந்து வரும் காரீயத்தை அந்தப் பட்டியல் யோசிக்கவில்லை. விடுதி, கேண்டீன் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை கிருமிக்கு மட்டுமல்லாமல் உலோகங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டி வைப்பது இந்த அளவு நிறுவனங்களுக்குப் பெரிய செலவே இல்லை.

ரத்தம் சொன்ன உண்மை

2023-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சில குழந்தைகளுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் காரீயம் அதிகமாக இருந்தது. வீட்டுச் சுவர் பெயின்ட்டைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். எதிலும் இல்லை. கடைசியில் குழந்தைகள் சாப்பிட்ட ஆப்பிள் கூழ் பாக்கெட்டில் வந்து நின்றது விசாரணை. ஈக்வடாரிலிருந்து வந்த அந்தப் பாக்கெட்டுகளில் சேர்த்திருந்த லவங்கப்பட்டைத் தூளில் காரீயம் ஆயிரக்கணக்கான பிபிஎம் அளவில் இருந்தது. நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்திருக்கலாம் என்று எஃப்டிஏ கருதியது. அந்நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள்.

அந்தப் பாக்கெட்டை உணவுச் சோதனை பிடிக்கவில்லை. குழந்தைகளின் ரத்தம்தான் பிடித்துக் கொடுத்தது. யுனிசெஃப், 'ப்யூர் எர்த்' அமைப்புடன் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கிறது. ஆனால் இங்கே குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ ரத்தத்தில் காரீயம் பார்ப்பது வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றாக இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்குச் செக்கப்புக்கு வரும் கர்ப்பிணியின் அட்டையில் ஹீமோகுளோபின் எழுத இடம் இருக்கிறது. சர்க்கரைக்கு இருக்கிறது. காரீயத்துக்கு இல்லை.